சாயங்காலம் ஆனதும் வீறிடும் குழந்தை

பகலெல்லாம் பால் குடிப்பதும் தூங்குவதுமாக இருக்கும் மூன்று வாரக் குழந்தை, விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் வீறிட்டு அழத் தொடங்கும். முகம் செக்கச்செவேலெனச் சிவந்துவிடும். விரல்களை இறுக மூடிக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கி, முதுகை வளைத்து நெளியும். தொட்டுப் பார்த்தால் வயிறு இறுகியிருக்கும். இடையில் காற்றுப் பிரியும். மார்பில் போட்டால் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தூக்கினாலும் அழுகை, கிடத்தினாலும் அழுகை. ஒன்பது, பத்து மணிக்குத் தானாக ஓய்ந்து தூங்கிவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் தொடங்கும்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாயு பிடித்திருக்கிறது, குடலேற்றம், உரம் விழுந்திருக்கிறது, திருஷ்டி, தாய் சாப்பிட்ட உருளைக்கிழங்கு. இவற்றையெல்லாம்விட அதிகக் கெடுதல் செய்வது, யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லாத ஒன்று: "பால் பத்தலைம்மா, அதான் இப்படி அழுவுது." நன்றாகப் பால் சுரக்கும் தாய்கூட இதைக் கேட்டுக் கேட்டு மனம் தளர்ந்து, இரண்டாவது மாதத்திலேயே பால் பவுடர் டப்பாவைத் திறந்துவிடுகிறாள். அழுகையை வைத்துப் பால் போதுமா போதாதா என்று சொல்ல முடியாது. எடையையும் சிறுநீரையும் வைத்துத்தான் சொல்ல முடியும். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்து, அதன்பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா, 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. அப்புறம் அழுகைக்கு வேறு காரணம் தேடலாம்.

இந்த அழுகைக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. பிறந்து இரண்டு வாரம் ஆகும்போது ஆரம்பிக்கும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், தாய்மார்களைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி 1962இல் வெளியிட்ட ஆய்வில், நோய் எதுவும் இல்லாத குழந்தைகளே ஆறாவது வாரத்தில் நாளுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதது தெரியவந்தது. அவற்றில் பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த ஆறு வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

வைத்தியங்கள் எல்லாம் ஏன் பலிப்பதுபோலத் தெரிகின்றன என்பதும் இங்கேதான் இருக்கிறது. அழுகை தாங்க முடியாமல் போவது ஆறாவது வாரத்தில். மருந்து தேடுவதும் அப்போதுதான். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் அழுகை தானாகவே குறையும். அந்தச் சமயத்தில் எது கையில் இருந்ததோ, அது கிரைப் வாட்டராக இருந்தாலும் மந்திரித்த கயிறாக இருந்தாலும், பெயர் அதற்குப் போய்விடும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அதையே சொல்வார்கள். பெரும்பாலான வைத்தியங்களின் புகழ் இப்படி வந்ததுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மருத்துவத்தில் இதைக் கோலிக் என்கிறார்கள். 1954இல் மோரிஸ் வெஸல் என்ற மருத்துவர் ஓர் அளவுகோல் கொடுத்தார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக். கடிகாரம் பார்த்துக் கணக்கு வைப்பது வீட்டில் நடக்கிற காரியமா? வயிறு, குடல் கோளாறுகளுக்குப் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்து 2016இல் வெளியிட்ட ரோம் நான்காம் வரையறை அந்த மணிக்கணக்கை விட்டுவிட்டது. ஐந்து மாதத்துக்குள் தொடங்கி அதற்குள் முடிந்துவிடும், காரணம் தெரியாத, பெற்றோரால் தடுக்கவோ ஆற்றவோ முடியாத அழுகை. காய்ச்சலோ வேறு நோயோ இல்லை. எடை ஒழுங்காக ஏறுகிறது. இவ்வளவுதான்.

அப்படியானால் வயிற்றில் ஒன்றுமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது, நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. அழும்போது குழந்தை காற்றை விழுங்கும். விழுங்கிய காற்று வயிற்றை உப்பவைத்துப் பின்னால் பிரியும். ஆக, காற்று சேர்ந்ததால் அழுகிறது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அழுததால் சேர்ந்த காற்று. காலை மடக்குவதும் வயிற்று வலிக்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை, எதற்கு அழுதாலும் அந்த வயதுக் குழந்தை காலை மடக்கித்தான் அழும். குடலின் அசைவு இன்னும் பழகவில்லை, அங்கே குடியேறும் நுண்ணுயிர்களின் கலவை நிலைபெறவில்லை, பகல் முழுக்கப் பார்த்ததையும் கேட்டதையும் தாங்கித் தணித்துக்கொள்ள மூளைக்கு இன்னும் தெரியவில்லை. இவை சேர்ந்துதான் மாலையில் வெடிக்கின்றன.

முதலில் உடம்பைப் பாருங்கள்

"கோலிக்தான், விடு" என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் துணி முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். உச்சிக்குழி மேலே உப்பிக்கொண்டிருக்கிறதா? கண் சிவந்து நீர் வடிகிறதா? நகம் கீறியிருக்கலாம். வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா? காதிலிருந்து ஏதாவது வடிகிறதா? கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் எறும்பு கடித்த தடிப்பு இருக்கிறதா? நம் வீடுகளில் பால் வாசனைக்கு எறும்பு வருவது சாதாரணம். அரைஞாண் கயிறு வயிறு உப்பும்போது இறுக்குகிறதா? கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், ஆண் குழந்தைக்கு ஆண்குறியையும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டும். அதில் ஒரு முடியோ, கையுறையின் உள்பக்கம் தொங்கும் நூலோ விரலைச் சுற்றி இறுகிவிட்டால், நுனி வீங்கிச் சிவந்து பிறகு நீலம் பாரிக்கும். முடி தோலுக்குள் புதைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். எளிதாக எடுக்க வராவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கையுறை, காலுறைகளை உள்பக்கம் திருப்பி நூலை வெட்டிவிட்டுப் போடுவது ஒரு நிமிட வேலை.

தொடையிடுக்கிலும் விரைப்பையிலும் புடைப்பு இருந்து, அது கல்போல் இறுகி உள்ளே போகாமல் இருந்தால் குடலிறக்கம் சிக்கிக்கொண்டிருக்கலாம். அது அவசர நிலை.

தடுப்பூசியையும் நினைவில் வையுங்கள். நம் நாட்டு அட்டவணையில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலண்ட் ஊசி 6, 10, 14ஆம் வாரங்களில் போடுகிறார்கள். முதல் ஊசி அழுகையின் உச்ச வாரத்திலேயே விழுகிறது. ஊசி போட்ட தொடை தடித்துச் சூடாக இருந்து ஓரிரு நாள் குழந்தை சிணுங்கினால் அது ஊசியின் வேலை. காய்ச்சல் மருந்தின் அளவை எடை பார்த்து மருத்துவரோ செவிலியரோ சொல்லட்டும். மூத்த குழந்தைக்குக் கொடுத்த மிச்ச மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள், சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு அடர்த்தி.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் அல்ல, காத்திருக்கவும் கூடாது. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல். பச்சை நிறத்தில் வாந்தி, இது குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம், ஒரே ஒருமுறை எடுத்தாலும் அன்றே போக வேண்டும். இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள், ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் பீறிட்டுத் தூரப்போய் விழும் வாந்தி. இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கலாம். மலத்தில் ரத்தம். விட்டு விட்டுத் துடித்து அழுது, நடுவில் வெளுத்துத் துவண்டுபோவது. குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும்போது இப்படி ஆகும், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். பால் குடிக்க மறுப்பது, அழுகையே முனகலாக மாறுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, மூச்சு வேகமாக இருப்பது. இவற்றுக்கு 108க்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏறுங்கள்.

பால் குடிக்கும் விதம்

மருந்தில் கிடைக்காத பலன் பல வீடுகளில் இதைச் சரிசெய்ததில் கிடைக்கும். காம்பை மட்டும் கவ்விக் குடித்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், குடிக்கும்போது "டக் டக்" என்று நாக்கு சத்தம் வரும். வாயை அகலத் திறந்த பிறகே மார்போடு சேர்க்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தியிருக்கணும், கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கணும், காம்பைச் சுற்றிய கரிய வட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியணும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கழுத்தைத் திருப்பாமல் விழுங்கலாம்.

ஒரு பக்கத்து மார்பைக் குழந்தை தானாக விடும்வரை குடிக்கவிட்டு, பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். பத்து நிமிடம் ஆனதும் கடிகாரம் பார்த்துப் பிடுங்கி மாற்றினால், முதலில் வரும் நீர்த்த, சர்க்கரை மிகுந்த பாலாலேயே வயிறு நிரம்பும். கொழுப்புள்ள பின்பால் கிடைக்காது. அந்தச் சர்க்கரை பெருங்குடலில் நொதித்துக் காற்றும், நுரை நுரையாகப் பச்சை மலமும் போகும். இதைப் பார்த்துவிட்டு "குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, லாக்டோஸ் இல்லாத பவுடருக்கு மாற்றுங்கள்" என்று சொல்வது தவறு. பிறவியிலேயே லாக்டோஸ், அதாவது பாலிலுள்ள சர்க்கரை, செரிக்காத குழந்தை மிக மிக அரிது. பால் வேகமாகப் பீய்ச்சி குழந்தைக்குப் புரையேறினால், தாய் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையைத் தன்மேல் படுக்கவைத்துக் கொடுக்கலாம். முதல் பீய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டும் கொடுக்கலாம்.

புட்டியில் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது கலக்கும் முறையை. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரண்டியைத் தட்டையாகச் சீவி எடுக்க வேண்டும், குவித்தும் அமுக்கியும் எடுக்கக் கூடாது. பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று இருக்கும், ஆனால் எல்லா டப்பாவிலும் அப்படி இல்லை, உங்கள் டப்பாவில் உள்ளதைப் படியுங்கள். ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். கெட்டியாகக் கலந்தால் மலம் இறுகும். "டப்பா சீக்கிரம் தீருதே" என்று நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது, உப்புச் சத்தும் குறையும். கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன், அதாவது அரை மணி நேரத்துக்குள், பவுடரைப் போட்டால் அதிலுள்ள கிருமிகள் சாகும். பிறகு மணிக்கட்டில் விட்டுப் பார்த்து வெதுவெதுப்பு வந்ததும் கொடுக்கலாம். குலுக்கினால் நுரை வரும், நுரை முழுக்கக் காற்று. சுழற்றிக் கலக்கி, நுரை அடங்கவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது நிப்பிள் முழுவதும் பால் நிறைந்திருக்க வேண்டும், குழந்தை ஓரளவு நிமிர்ந்திருக்க வேண்டும்.

அளவும் முக்கியம். முதல் மாதங்களில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. நாலு கிலோக் குழந்தைக்கு 600 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மில்லி. அழுகிறதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 120 மில்லி கொடுத்தால் வயிறு தாங்காமல் அழுகை கூடும்.

ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் எதுவும் தேவையில்லை. கோடையிலும் தேவையில்லை. பாலிலேயே தண்ணீர் இருக்கிறது.

ஏப்பம் விடவைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2015இல் சண்டிகரில் 71 தாய்-சேய் ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வில், ஏப்பம் விடவைத்த குழந்தைகளுக்குக் கோலிக் குறையவில்லை. எதுக்களிப்புதான் கொஞ்சம் கூடியது. ஆகவே ஏப்பம் வந்தே தீர வேண்டும் என்று அரை மணி நேரம் முதுகில் தட்டித் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம். குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து, தலையைத் தாங்கி, ஐந்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் நடுவில் பாலை விட்டுவிட்டு நெளிந்து அழும் குழந்தையை அப்போது ஒருமுறை நிமிர்த்திப் பார்ப்பது நல்லது, பல சமயம் பெரிய ஏப்பம் வெளியேறி மீண்டும் நிதானமாகக் குடிக்கும்.

முக்கி முக்கி அழுவது

இது கோலிக் இல்லை, மலச்சிக்கலும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் முகம் சிவக்க முக்கி, அழுது, கடைசியில் குழம்பு பதத்தில் மலம் போனால், குழந்தைக்கு இன்னும் அந்த வித்தை கைவரவில்லை என்று அர்த்தம். வயிற்றால் அழுத்தும்போது ஆசனவாய்த் தசையைத் தளர்த்த வேண்டும், இரண்டையும் ஒருசேரச் செய்ய அதற்குத் தெரியாது. சில வாரங்களில் தானாகக் கற்றுக்கொள்ளும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது எல்லாம் இந்த இடத்தில்தான் வரும். வைத்தவுடன் மலம் போவது உண்மை. ஆனால் மெல்லிய தோல் கிழியும், சோப்பு எரிச்சல் ஏற்படுத்தும். தூண்டினால்தான் போகும் என்று உடம்பு பழகிவிடும் அபாயமும் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை மலம் கழித்தாலும், அது மெத்தென்று இருந்து, குழந்தையும் நன்றாகக் குடித்தால் கவலை வேண்டாம். புழுக்கை போல உருண்டையாக வந்தால்தான் மலச்சிக்கல். பிறந்த முதல் இரண்டு நாளில் கருமலம் போகத் தாமதமாகி, பின்னும் வயிறு உப்பியே இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று மணி நேரம்

அழ ஆரம்பித்ததும் வரிசையாகப் பத்து உத்திகளை இரண்டிரண்டு நிமிடம் மாற்றி மாற்றிச் செய்வது குழந்தையை இன்னும் கலைக்கும். ஒன்றை எடுத்தால் ஐந்து நிமிடமாவது நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் நடக்கலாம். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, அழும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்தால் அழுகை அடங்குவதையும், சுமார் பாதிக் குழந்தைகள் தூங்கிப்போவதையும் காட்டியது. தூங்கியதும் உடனே படுக்கையில் போட்டால் விழித்துக்கொள்ளும். மார்பிலிருந்து பிரியும் அந்த நொடியிலேயே அதன் இதயத் துடிப்பு ஏறுகிறது. தூங்கிய பிறகு மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் தூக்கம் நீடிக்கிறது. எந்தச் செலவும் இல்லாத இந்த முறையை நாங்கள் முதலில் சொல்வோம்.

குப்புற ஏந்துவது இன்னொன்று. உங்கள் முன்கையின்மேல் குழந்தையின் மார்பும் வயிறும் படியும்படி கவிழ்த்து, கன்னம் முழங்கை மடிப்பில், கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, மறுகையால் முதுகைத் தாங்கி மெல்ல அசைக்க வேண்டும். விழித்திருக்கும்போது, கையில் இருக்கும்போது மட்டும்தான் குப்புற. தூங்கவைப்பது எப்போதும் மல்லாக்க.

வயிற்றை நீவுவதைப் பால் குடித்து முக்கால் மணி நேரம் கழித்துச் செய்யலாம். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். குழந்தையின் வலது அடிவயிற்றில் ஆரம்பித்து மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக, பிறகு இடது அடிவயிற்றுக்கு இறக்குங்கள். பெருங்குடல் போகும் வழி இதுதான். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றை நோக்கி மடக்கிச் சில விநாடி வைத்து விடுங்கள், சைக்கிள் மிதிப்பதுபோல் மாற்றி மாற்றியும் அசைக்கலாம். வீறிட்டு அழும் உச்சத்தில் இதைச் செய்யப் போனால் எதிர்க்கும். அழுகை தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் செய்வதே நல்லது.

ஐந்து மணிக்கே வீட்டின் சத்தத்தைக் குறையுங்கள். டிவியை அணைத்து, குழல் விளக்குக்குப் பதில் சின்ன விளக்கு போதும். குழந்தை பார்க்க வருகிறவர்களை காலையில் வரச் சொல்லலாம். மின்விசிறியின் இரைச்சலோ, செல்போனில் மழைச் சத்தமோ உதவும். போனைத் தலைமாட்டில் வைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி, மெல்லிய சத்தத்தில் வையுங்கள். சாம்பிராணிப் புகை வேண்டாம், அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது.

புடவைத் தூளி அழுகையை நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளதுதான். ஆனால் ஆழமான தூளியில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கலாம், துணி மூக்கை மூடலாம். ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டி, தூங்கியதும் எடுத்துச் சமமான பாயில் மல்லாக்கக் கிடத்துவதுதான் சரி.

மருந்துகளும் கைவைத்தியமும்

கிரைப் வாட்டரை 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, ஆல்கஹால். ஆல்கஹாலைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். இன்று அதில் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரும்பாலும் இனிப்புதான், அதுவும் சில நிமிடத்துக்கு. கோலிக்கைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வயிற்றுக் காற்றுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து கெடுதல் இல்லை, ஆனால் வெறும் மருந்தற்ற சொட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது டைசைக்ளோமைன். "குழந்தைக்கு வயிற்று வலி டிராப்ஸ்" என்று கடையில் கேட்டால் இது கலந்த புட்டி கைக்கு வர வாய்ப்பு உண்டு. இந்த மருந்துக்குப் பின் பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சு நின்ற, வலிப்பு வந்த சம்பவங்கள் 1980களில் பதிவானதால், ஆறு மாதத்துக்குள் கொடுக்கவே கூடாது என்று ஆனது. சிமெத்திகோனோடு சேர்த்தும் விற்கிறார்கள். லேபிளைத் திருப்பிப் படியுங்கள், அந்தப் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

லாக்டோபேசில்லஸ் ரியூடெரி டிஎஸ்எம் 17938 என்ற நுண்ணுயிர் சொட்டு மருந்துக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அதுவும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு. நாளுக்கு ஐந்து சொட்டு, அதில் சுமார் 10 கோடி உயிர்கள். மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாம். புட்டிப்பால் குடிப்பவர்களையும் சேர்த்து மெல்போர்னில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் பலன் இல்லை. இதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள், குறைமாதக் குழந்தைக்கு என்றால் கட்டாயம்.

வசம்பு இல்லாத தமிழ் வீடு குறைவு. சுட்டு உரசித் தொப்புளைச் சுற்றித் தடவினால் பெரிய தீங்கு வராது, பலனும் நிரூபணமாகவில்லை. உள்ளுக்குக் கொடுப்பதுதான் பிரச்சினை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் விலங்குகளுக்குப் புற்றுநோய் வந்ததைக் கண்டு, அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கையில் வளையலாகக் கட்டினால் வாயில் போய் அடைக்கும். உரைமருந்தில் சேரும் ஜாதிக்காய் கொஞ்சம் கூடினாலே குழந்தை மயங்கிக் கிடக்கும், "நல்லாத் தூங்குது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். கல்லில் எத்தனை சுற்று உரசினோம் என்பது அளவே அல்ல. பெருங்காயத்தையும் வெளியே தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளுக்குக் கொடுத்த ஐந்து வாரக் குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, அதிலிருக்கும் பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து தசைகளைச் செயலிழக்கவைக்கும். தெருவில் சங்கில் ஊற்றி விற்கும் கழுதைப்பால் காய்ச்சாத பால்.

குடல் தட்டுவதும் தொக்கம் எடுப்பதும் உரம் எடுப்பதும் இன்னமும் நடக்கின்றன. கழுத்து நிற்காத குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், புடவையில் போட்டு வேகமாக உருட்டுவதும் மூளையிலும் கழுத்திலும் காயம் ஏற்படுத்தக்கூடியவை. இதில் பெரியவர்களின் மனம் கோணும் என்று தயங்காதீர்கள். வேண்டுமானால், "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிட்டார் அத்தை, நீங்க தோள்ல போட்டு நடங்க, உங்க கைக்குத்தான் அடங்குது" என்று வேறு வேலை கொடுத்துவிடுங்கள். அவர் நடப்பது உண்மையாகவே மருந்து.

தாயின் சாப்பாடு

உருளைக்கிழங்கோ கடலைப் பருப்போ தாயின் குடலில் உண்டாக்கும் காற்று பாலுக்குள் வராது. பத்தியம் என்று ரசமும் சோறுமாக ஒரு மாதம் இருந்தால் வலுவிழப்பது தாய். காபி, டீயை மட்டும் நாளுக்கு இரண்டு தம்ளரோடு நிறுத்தலாம்.

ஒரு விதிவிலக்கு பசும்பால் புரத ஒவ்வாமை. மலத்தில் சளியும் ரத்த இழையும், தோலில் கரப்பான், அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை இவையும் அழுகையோடு சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். மருத்துவரிடம் பேசி, தாய் இரண்டிலிருந்து நான்கு வாரம் பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், பால் பவுடர் கலந்த சத்துபானம், பால் இனிப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் முழுக்க விட வேண்டும். "காபியில கொஞ்சம்தானே" என்றால் சோதனை வீண். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலி ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், மாத்திரையும் தேவைப்படலாம். குழந்தையின் அறிகுறிகள் குறைந்தால் தாய் மறுபடி பாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால்தான் ஒவ்வாமை உறுதி. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, காரணமில்லாமல் ஆறு மாதம் தயிர்கூடத் தொடாமல் இருக்கும் தாய்மார்கள் உண்டு. புட்டிப்பால் குழந்தைக்கு, புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த பவுடரை மருத்துவர் எழுதித் தருவார். ஆட்டுப்பாலுக்கு மாறிப் பயனில்லை, இரண்டு புரதமும் ஒன்றுக்கொன்று நெருக்கம்.

அழுகையைக் கேட்பவர்கள்

விடாத அழுகை எவ்வளவு பொறுமைசாலியையும் உடைக்கும். கை நடுங்குகிறது, கோபம் தலைக்கேறுகிறது என்று தோன்றினால் குழந்தையைச் சமமான, விழ முடியாத இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். ஐந்து பத்து நிமிடம் தண்ணீர் குடித்து, மூச்சை விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நொடி பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவு வரும், பார்வை போகும், உயிரே போகும். அப்பா, தாத்தா, சித்தி என்று யார் இருந்தாலும் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பகலெல்லாம் பால் கொடுத்தவளிடமே அந்த மூன்று மணி நேரத்தையும் விடுவது நியாயமே இல்லை.

குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், "நான் இந்தக் குழந்தைக்கு லாயக்கில்லை" என்று இரண்டு வாரமாகத் தாய்க்குத் தோன்றிக்கொண்டிருந்தால், அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸின் 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104லும் ஆலோசனை கிடைக்கும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அவளைத் தனியாக விடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது "எந்நேரமும் அழுகிறது" என்பதைவிட உதவுகிற சில பொருட்கள் உண்டு. எடை குறித்த தடுப்பூசி அட்டை. மூன்று நாள் குறிப்பு: எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை அழுகை, எத்தனை தடவை சிறுநீர், மலம் என்ன நிறம். அழும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, ஏனென்றால் மருத்துவர் முன்னால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். இதுவரை கொடுத்த எல்லா மருந்துகளின் புட்டிகளும், பாட்டி கொடுத்த உரைமருந்தின் பெயரும். நான்கு மாதம் தாண்டியும் அழுகை குறையவில்லை, அல்லது அடங்கிய பிறகு திடீரென்று புதிதாகத் தொடங்கியது என்றால் இவற்றை எடுத்துக்கொண்டு கட்டாயம் போங்கள்.